திரையின் அளவும் பிக்சலின் நெருக்கமும்: மானிட்டர் வாங்குவோருக்குக் கேள்வி பதில்

புதுச்சேரியில் தமிழ் நூல்களுக்குப் பக்க வடிவமைப்பும் மெய்ப்புத் திருத்தமும் செய்பவன் என்ற முறையில், மடிக்கணினியுடன் இணைக்கத் தனி மானிட்டர் தேடும் நண்பர்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நாள் முழுதும் எழுத்தைப் படிப்பவர்களை மனத்தில் வைத்தே சொல்கிறேன். விளையாட்டுத் திரைகள் என் துறை அல்ல.

மஞ்சக்குப்பம், தட்டச்சர்: 24 அங்குல ஃபுல் எச்டியும் 27 அங்குல ஃபுல் எச்டியும் ஏறக்குறைய ஒரே விலையில் உள்ளன. பெரியதையே வாங்கிவிடலாமா ஐயா?

வேண்டாம் அம்மா. இரண்டிலும் இருப்பவை அதே 1920 × 1080 பிக்சல்கள், அதாவது படத்தை வரையும் ஒளிப்புள்ளிகள்தாம். 24இல் அங்குலத்துக்குச் சுமார் 92 பிக்சல்கள் அமைகின்றன. 27இல் அது 82 ஆகக் குறைகிறது. பெரிய திரையில் ஒரு வரிகூடக் கூடுதலாகத் தெரியாது. இருக்கும் வரிகளே பெருத்து, எழுத்தின் விளிம்புகள் சொரசொரப்பாகத் தெரியும்.

லாஸ்பேட்டை, மென்பொருள் பணியாளர்: 27 அங்குல 4கே (3840 × 2160 பிக்சல்) திரையில் எழுத்து மிகச் சிறிதாக இருப்பதால் 150 விழுக்காடு பெரிதாக்குகிறோம். அப்போது கிடைக்கும் இடம் 2560 × 1440 தானே? அதற்கு அவ்வளவு பிக்சல்களே கொண்ட க்யூஎச்டி திரையே போதுமே?

கணக்கு சரி, முடிவை நான் ஏற்கவில்லை. இடம் அவ்வளவுதான் என்றாலும், ஒவ்வோர் எழுத்தையும் வரைவதற்குக் கிடைக்கும் பிக்சல்கள் இரண்டேகால் மடங்காகின்றன. விண்டோஸில் 100 விழுக்காட்டு நிலையில் 9 பாயிண்ட் எழுத்துக்கு உயரவாக்கில் 12 பிக்சல்களே ஒதுக்கப்படுகின்றன. மூன்று சுழி ணகரமும், அதன் தலைமேல் புள்ளியும், கீழிறங்கும் கால்களுக்கான இடமும் அந்தப் பன்னிரண்டுக்குள் அடங்கியாக வேண்டும். சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, ‘மணம்’ எது ‘மனம்’ எது என்று மெய்ப்புப் பார்ப்பவர் திரையை நோக்கிக் குனிகிறார். 150 விழுக்காட்டில் அதே எழுத்துக்கு 18 பிக்சல்கள் கிடைப்பதால் சுழிகளுக்கு இடையே வெளிச்சம் தெரிகிறது. ஆங்கிலம் மட்டுமே படிப்பவருக்கு இந்த வேறுபாடு இவ்வளவு உறைக்காது, தமிழுக்கு உறைக்கும்.

மீண்டும் லாஸ்பேட்டை: பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள்கள் அந்த 150 விழுக்காட்டில் மங்கித் தெரிகின்றனவே?

உண்மை, நல்ல கேள்வி. திரை அடர்த்தியைக் கணக்கில் கொள்ளாத பழைய மென்பொருளின் சாளரத்தை விண்டோஸ் ஒரு படத்தைப் போல இழுத்துப் பெரிதாக்குவதால் அது மங்குகிறது. அத்தகைய மென்பொருளிலேயே வேலை செய்கிறவர், அங்குலத்துக்குச் சுமார் 109 பிக்சல்கள் கொண்ட 27 அங்குல க்யூஎச்டியை வாங்கி, பெரிதாக்காமல் பயன்படுத்துவதே முறை. மற்றவர்களுக்கு என் பரிந்துரை 4கேதான்.

வில்லியனூர், ஆசிரியர்: இந்த வாதத்தில் நானும் குறுக்கிடுகிறேன். நான் 60 செ.மீ. தள்ளி அமர்பவன். எனக்கு வேறுபாடு தெரியுமா?

தெரியும். கூர்மையான கண் அந்தத் தொலைவில் சுமார் 0.17 மி.மீ. வரை பிரித்துப் பார்க்கும். 27 அங்குல க்யூஎச்டியின் பிக்சல் 0.23 மி.மீ.; 4கேயில் 0.16 மி.மீ.தான். தாங்கள் 80 செ.மீ. தள்ளி அமர்ந்தால் க்யூஎச்டியே போதும், லாஸ்பேட்டை நண்பர் வென்றுவிடுவார். கடைக்குப் போகும் முன் கண்ணுக்கும் திரை நிற்கப்போகும் இடத்துக்கும் இடையே நாடா வைத்து அளந்துவிடுங்கள்.

நெல்லிக்குப்பம்: 27 அங்குல ஃபுல் எச்டி தள்ளுபடியில் வருகிறது. வாங்கலாமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

முத்தியால்பேட்டை, கணக்காளர்: 32 அங்குல க்யூஎச்டி?

எழுத்தின் தெளிவு 24 அங்குல ஃபுல் எச்டிக்குச் சமம். விரிதாளுக்கு இடம் நிறைய. ஆனால் திரை ஏறக்குறைய 71 செ.மீ. அகலம் இருக்கும், ஆழமில்லாத மேசைக்கு ஆகாது.

கடலூர் முதுநகர்: 4கே வாங்கிவிட்டேன். மவுஸ் அம்பு தயங்கித் தயங்கி நகர்கிறது. திரை பழுதா?

பழுதாக இருக்க வாய்ப்புக் குறைவு. மடிக்கணினியில் திரையை இணைக்கும் போர்ட், பழைய பதிப்பான எச்டிஎம்ஐ 1.4 ஆக இருக்கலாம். அது 4கேயை நொடிக்கு 30 முறைதான் புதுப்பிக்கும். 60 வேண்டுமானால் எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்ப்ளே போர்ட் 1.2 தேவை. எல்லோரும் கவனியுங்கள்: திரையைத் தேர்ந்தெடுக்கும் முன்பே மடிக்கணினியின் போர்ட்டைப் பாருங்கள். எல்லா டைப்-சி போர்ட்டும் படத்தை அனுப்பாது.

திருப்பாதிரிப்புலியூர்: மகளின் படிப்புக்கு 27 அங்குல ஃபுல் எச்டி…

வேண்டாம். 24 வாங்குங்கள். போர்ட்டையும் பாருங்கள்.

தேவனாம்பட்டினம்: மின்னழுத்தம் ஏறி இறங்குகிறது. எந்த யூபிஎஸ் நல்லது?

மின்பணியாளரைக் கேளுங்கள்.

அரியாங்குப்பம், பதிப்பாளர்: 43 அங்குல 4கே டிவியையே மானிட்டராக வைத்துக்கொண்டால் என்ன?

அங்குலத்துக்குச் சுமார் 102 பிக்சல்கள் என்பதால் நெருக்கம் மோசமில்லை. ஆனால் பல டிவிகள், கணினிக்குரிய அமைப்பை இயக்காதவரை, வண்ணத் தகவலை நான்கு பிக்சல்களுக்குப் பொதுவாக்கிச் சுருக்கிவிடுகின்றன. கறுப்பு எழுத்தில் இது அவ்வளவாகத் தெரியாது. நாம் திருத்தங்களை எழுதும் சிவப்பு எழுத்தில் தெரியும். கடையில் உங்கள் மடிக்கணினியை இணைத்து, கறுப்புப் பின்னணியில் சிறிய சிவப்பு எழுத்தில் நான்கு வரி தமிழைத் திறந்து பாருங்கள். ஓரங்கள் கசிந்திருந்தால், கணினி அமைப்பை இயக்கித் தரச் சொல்லுங்கள். அதன் பிறகும் கசிந்தால் வாங்காதீர்கள்.