விகிதம் ஏறியது, வருமானம் ஏறியதா?

கேள்வி: ஜொகன்னஸ்பர்க் பங்குச் சந்தையில் நான் வாங்கிய ஈடிஎஃப் (பல நிறுவனப் பங்குகளைத் தொகுத்து, யூனிட்களாகச் சந்தையில் விற்கப்படும் நிதி) ஒன்றின் ஈவுத்தொகை விகிதம் சென்ற ஆண்டு 3 சதவீதமாக இருந்தது, இப்போது 4 என்று காட்டுகிறது. என் வருமானம் கூடியிருக்கிறதா?
– வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: அவசரப்பட்டு மகிழ வேண்டாம், அம்மா. கடந்த 12 மாதங்களில் ஒரு யூனிட்டுக்குக் கிடைத்த தொகையை இன்றைய விலையால் வகுத்து வருவதே இவ்விகிதம். காலாண்டுதோறும் 60, 45, 95, 40 சென்ட் என மொத்தம் 2.40 ராண்ட் வந்து, யூனிட் விலை 80 ராண்டாக இருந்தால் விகிதம் 3 சதவீதம், அதே 2.40 ராண்டே வந்து, விலை மட்டும் 60 ராண்டுக்குச் சரிந்தாலும் அது 4 ஆகிவிடும். ஆகவே ஈவுத்தொகை வரலாற்றைத் திறந்து, ராண்டும் சென்ட்டுமாக உள்ள தொகைகளையே பாருங்கள். அதிலும் ஒவ்வொரு காலாண்டையும் முந்தைய ஆண்டின் அதே காலாண்டோடுதான் ஒப்பிட வேண்டும், ஏனெனில் நிறுவனங்கள் ஈவு வழங்கும் மாதங்கள் ஆண்டு முழுவதும் சீராகப் பரவியிருப்பதில்லை. (95 சென்ட்டுக்குப் பின் 40 வந்ததும் பதறி விற்பவர்களும் உண்டு.) நிதியில் உள்ள ஒரு நிறுவனம் ஒருமுறை மட்டும் வழங்கும் சிறப்பு ஈவும் ஓராண்டுக் கணக்கை உப்பவைக்கும்.

காட்டப்படும் விகிதம் பொதுவாக வரிக்கு முந்தையது. ஈவுத்தொகை வரி 2017 முதல் 20 சதவீதம் என்பதால், 2.40 முழுவதும் ஈவாக இருப்பின் கைக்கு வருவது 1.92 ராண்ட், வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் வைத்திருந்தால் அந்தப் பிடித்தம் இல்லை.