லாரியை முந்துவதற்கு முன்

கேள்வி: என் மகள் கார் ஓட்டப் பழகி, போன மாதம்தான் உரிமம் பெற்றாள். இனி வாரந்தோறும் சேலத்திலிருந்து ஓசூருக்குத் தானே ஓட்டிச் செல்லப்போவதாகச் சொல்கிறாள். ஊருக்குள் நன்றாக ஓட்டுபவள், நெடுஞ்சாலையில் லாரியைக் கண்டால் தடுமாறுகிறாள். அவளை எப்படிப் பழக்குவது?
- வாசகர், சேலம்

பதில்: முதல் பாடத்தைக் காரில் தொடங்க வேண்டாம். தெரிந்த லாரிக்காரர் ஒருவரிடம் கேட்டு, நிறுத்தியிருக்கும் லாரியின் ஓட்டுநர் இருக்கையில் மகளை உட்கார வைத்துவிட்டு, உங்கள் காரை இடப்பக்கக் கதவை ஒட்டி நிறுத்துங்கள். ஓட்டுநர் வலப்பக்கத்தில், அதுவும் உயரத்தில் அமர்ந்திருப்பதால், காரின் கூரைகூட அவள் கண்ணில் படாமல் போகலாம். பிறகு லாரியின் பின்னால் ஒட்டி நிறுத்திக் காட்டுங்கள். அங்கும் கார் மறைந்துவிடும். லாரியின் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் நமக்குத் தெரியாத இடத்தில், நாமும் அவருக்குத் தெரிவதில்லை.

நீளமான டிரெய்லர் இடப்பக்கம் திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரத் தடத்தில் வராமல் உள்வாங்கி வருமாதலால், ஓட்டுநர் முதலில் வலப்பக்கம் ஒதுங்கித்தான் திருப்புவார். அவர் வழிவிடுகிறார் என்று நினைத்து அந்த இடைவெளியில் காரை நுழைத்துவிடக் கூடாது. வலப்பக்க இண்டிகேட்டரோ இன்னொரு குழப்பம்: சிலர் ‘முந்திப் போ’ என்பதற்கும், சிலர் ‘வராதே’ என்பதற்கும், சிலர் உண்மையிலேயே திரும்புவதற்கும் போடுகிறார்கள். இத்தனை ஆண்டுகள் ஓட்டியும் எனக்கு அது பிடிபடவில்லை. எதிரே சாலை காலியாக இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே முந்தட்டும்.

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடிவிடுகிறது. முன்னால் போகும் லாரி ஒரு கம்பத்தைக் கடந்ததும் நிதானமாக மூன்று நொடி எண்ணச் சொல்லுங்கள்; அதற்குள் கார் அக்கம்பத்தை எட்டினால் இடைவெளி போதாது. முந்திய பின், உட்கண்ணாடியில் லாரியின் முகப்பு முழுவதும் தெரியும் வரை அதற்கு முன்னால் வரக் கூடாது. பாரம் ஏற்றிய லாரி நிற்பதற்குக் காரைவிட அதிகத் தூரம் வேண்டும்.

ஓசூரிலிருந்து திரும்பும்போது, தருமபுரியைத் தாண்டியதும் தொப்பூர் இறக்கம் வரும். தொடர்ந்து மிதிப்பதால் லாரியின் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும் இடம் அது. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவோரும் உண்டு. அங்கே பின்னால் வருவதைக் கண்ணாடியில் அடிக்கடி பார்க்க வேண்டும். பார லாரிக்கு முன்னால் திடீரென வேகத்தைக் குறைக்கக் கூடாது.

முதல் சில வாரங்கள் பகலில் மட்டும், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது ஓட்டட்டும். விளக்கில்லாமல் ஓரத்தில் நிற்கும் லாரிகளை அடையாளம் காணும் இரவுப் பாடத்தை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம்.