ஈயடிச்சான் காப்பியா?

கேள்வி: பத்தாவது படிக்கும் என் மகள், ஒலிவியா ரோட்ரிகோ என்ற அமெரிக்கப் பாப் பாடகியின் முதல் ஆல்பமான 'சவர்' பாடல்களையே எந்நேரமும் கேட்கிறாள். பாட்டுக்குப் பாட்டு வேறு ஆட்களின் பெயரையும் எழுதியவர் பட்டியலில் சேர்த்திருக்கிறார்களாம். ஈயடிச்சான் காப்பிக்கா கிராமி விருது?
– வாசகர், கும்பகோணம்

பதில்: பாட்டுக்குப் பாட்டு இல்லை ஐயா. 11 பாடல்களில் மூன்று. அந்த மூன்றும்கூட ஒரே ரகம் கிடையாது.

ஒன்றில் பாப் பாடகி டெய்லர் ஸ்விஃப்டின் பழைய பாட்டு ஒன்றின் பியானோ இசையை எடுத்து, அதன் மேல் தன் பாட்டைக் கட்டினார் ஒலிவியா. அனுமதி கேட்டு வாங்கியது. 2021 மே மாதம் ஆல்பம் வந்தபோதே ஸ்விஃப்ட் பெயரும் அதில் இருந்தது. இதில் திருட்டு எங்கே வந்தது?

மற்ற இரண்டுக்கும் பெயர்கள் பிறகுதான் சேர்ந்தன. 'டேஜா வூ' கதை வேடிக்கையானது. ஸ்விஃப்ட் தன் 'க்ரூயல் சம்மர்' பாட்டில் கத்திப் பாடுவது தனக்குப் பிடிக்கும், அதைப்போல் செய்ய ஆசைப்பட்டேன் என்று ஒலிவியாவே பேட்டியில் வெளிப்படையாகச் சொன்னார். ஜூலையில் 'க்ரூயல் சம்மர்' எழுதியவர்களும் 'டேஜா வூ' பட்டியலுக்கு வந்துவிட்டார்கள். ஆகஸ்டில் 'குட் 4 யூ' பாட்டுக்குப் பாரமோர் என்ற ராக் குழுவினர் இருவர். அவர்களுடைய 2007-ஆம் ஆண்டுப் பாட்டோடு சேர்த்துக் கேட்டால் கோரஸில் சாயல் தெரியும், மறுக்கவில்லை.

ஆனால் பெயர் சேர்த்ததே குற்ற ஒப்புதல் என்று நீங்கள் எடுத்துக்கொள்வதுதான் இடிக்கிறது. 2015-இல் 'பிளர்ட் லைன்ஸ்' பாட்டு மறைந்த பாடகர் மார்வின் கேயின் பாட்டைக் காப்பியடித்தது என்று அவர் குடும்பத்தார் போட்ட வழக்கில், லாஸ் ஏஞ்சலிஸ் ஜூரி 70 லட்சம் டாலருக்கு மேல் நஷ்டஈடு விதித்தது. பிறகு நீதிபதி அதைக் குறைத்தார் என்றாலும், அன்றைக்குப் பிடித்த பயம் இசை கம்பெனிகளை விடவில்லை. கோர்ட் படியேறுவதைவிட ராயல்டியில் பங்கு கொடுத்துத் தொலைப்பது மலிவு என்று கணக்குப் போடுகிறார்கள். இது வக்கீல் சமாச்சாரம். இசை ரசிகர் இதை வைத்துத் தீர்ப்பு எழுதலாமா?

பிரிட்டிஷ் ராக் பாடகர் எல்விஸ் காஸ்டெல்லோவைப் பாருங்கள். ஒலிவியாவின் 'ப்ரூட்டல்' பாட்டின் கிடார் அவருடைய 1978-ஆம் ஆண்டுப் பாட்டைப் போலவே இருக்கிறது என்று ட்விட்டரில் ஒருவர் மூட்டிவிட்டபோது, ராக் இசை இப்படித்தான் வளர்கிறது, நானும் இதைத்தான் செய்தேன் என்று சொல்லி, தனக்கு முந்தைய பாடகர்களான பாப் டிலனையும் சக் பெர்ரியையும் கை காட்டினார். பங்கு கேட்கவில்லை.

சரி, அப்படியானால் அந்தப் பெண்ணின் சொந்தச் சரக்கு என்ன? சில்லறை விவரங்கள்தான். அதில் அவர் கெட்டி. 'டிரைவர்ஸ் லைசென்ஸ்' பாட்டின் தொடக்கத்தில் காரின் எச்சரிக்கை மணி ஒலிக்கிறது, அதுவே பியானோவாக மாறுகிறது. லைசென்ஸ் வாங்கியதும் உன் வீட்டுக்கு ஓட்டிவருவேன் என்று பேசி வைத்திருந்த பெண், லைசென்ஸ் கைக்கு வந்தபோது காதலன் கையில் இல்லாததால், அவன் தெருவழியே அழுதுகொண்டே ஓட்டுகிறாள். சிவப்பு விளக்கு, வெள்ளைக் கார், வீட்டு முற்றம், எல்லாவற்றிலும் அவன் முகம். 'ப்ரூட்டல்' பாட்டிலோ, வண்டியைச் சரியாக பார்க்கிங் செய்யக்கூடத் தெரியவில்லை என்று தன்னையே திட்டிக்கொள்கிறார். 17, 18 வயதில் இதை யாரைப் பார்த்துக் காப்பியடிப்பது?

எனக்கும் குறை உண்டு. பின்பாதியில் கிடாரை மெல்ல மீட்டிக்கொண்டு புலம்பும் பாடல்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. 35 நிமிட ஆல்பத்துக்கே இரண்டு பாட்டைக் குறைத்திருக்கலாம்.

அப்புறம் கிராமி. 2022-இல் இவருக்கு மூன்று கிடைத்தது, புதுமுக விருதும் சேர்த்து. ஆண்டின் சிறந்த பாடல் என்ற விருது 'டிரைவர்ஸ் லைசென்ஸ்' கையை விட்டு, புரூனோ மார்ஸ் இருந்த சில்க் சோனிக்கின் பாட்டுக்குப் போனது. எழுபதுகளின் சோல் இசையை உடை முதல் ஓசை வரை அப்படியே திரும்பக் கொண்டுவந்த ஜோடி அது. அதைப் பற்றி இதுவரை ஒரு வாசகர்கூட எனக்குக் கடிதம் போடவில்லை.