வெளிநாட்டுக்காரர்கள் நம்மைப் போல சகுனம், நல்ல நேரமெல்லாம் பார்ப்பார்களா?

"வெள்ளைக்காரன் இதையெல்லாம் எப்போதோ தாண்டிப் போய்விட்டான், நாம்தான் இன்னும் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டிருக்கிறோம் என்கிறார்கள், உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எலுமிச்சம்பழத்தைக் குறிப்பாகச் சொல்வதைப் பார்த்தால் சமீபத்தில் வண்டி வாங்கியிருக்கிறீர்கள், ஆபீஸில் யாரோ நக்கலடித்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. எனக்கும் அதே எலுமிச்சம்பழத்தில்தான் ஆரம்பித்தது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளிநாடு முழுக்க எனக்குத் தெரியாது. ஜெர்மனி தெரியும், அதிலும் முனிச்சும் அதைச் சுற்றியுள்ள பவேரியாவும்தான். ஹாம்பர்க் பக்கம் இருப்பவர்கள் வந்து "எங்கள் ஊரில் அப்படியில்லை" என்று எழுதினால், சரி, சண்டைக்கு வரமாட்டேன்.

நாங்கள் பழைய கார் ஒன்று வாங்கியபோது அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். சும்மா விடுவாரா? நிலவறை பார்க்கிங்கில் கற்பூரம் ஏற்றினால் அலாரம் அடிக்கும் என்று கெஞ்சி வண்டியை வெளியே கொண்டுவந்தேன். சந்தனம், குங்குமம், சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு எலுமிச்சை. பக்கத்து பிளாக்கில் குடியிருக்கும் என் டீம்காரர் ஒருவர் நாயோடு நடந்து வந்தவர் நின்று முழுவதையும் பார்த்தார். மறுநாள் மதியச் சாப்பாட்டு மேசையில் இதுதான் பேச்சு. "இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை டூஃப் சோதனை பண்ணி பிரேக், டயர் எல்லாம் பார்த்துத்தானே ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள், அப்புறம் எலுமிச்சை எதற்கு?" என்று கேட்டார். மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய.

ஆனால் அவர் காரில் நான் எத்தனையோ முறை போயிருக்கிறேன். டாஷ்போர்டில் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் காசு அளவில் ஒரு வில்லை ஒட்டியிருக்கும். குழந்தை இயேசுவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடக்கும் புனித கிறிஸ்டோபர். பயணிகளுக்குக் காவல். பவேரியாவில் இந்த வில்லை இருக்கும் வண்டிகள் ஏராளம். வசந்தம் வந்ததும் பல ஊர்களில் மோட்டார் சைக்கிள்காரர்கள் தேவாலயத்து முன்னால் வரிசையாக வண்டியை நிறுத்துவார்கள், பாதிரியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே போவார். கிராமத்துத் தீயணைப்பு நிலையத்துக்குப் புது வண்டி வந்தால் அதற்கும் மந்திரிப்பு உண்டு, பேண்டு வாத்தியமும் பீரும் சேர்த்து. நம் ஆயுத பூஜைக்கும் இதற்கும் எலுமிச்சைதான் வித்தியாசம்.

இதை அன்று சொல்லவில்லை. சில மாதம் கழித்து வேறு வழியில் சொன்னேன். அவருக்கு ஒரு திங்கட்கிழமை பிறந்தநாள். எனக்கு அந்த வாரம் முழுக்க விடுமுறை. வெள்ளிக்கிழமை மாலை கிளம்பும்போது, எல்லார் காதிலும் விழும்படி, "பிறந்தநாள் வாழ்த்துகள்!" என்று கை நீட்டினேன். ஜெர்மனியில் பிறந்தநாளுக்கு முன்கூட்டி வாழ்த்தக் கூடாது, கெட்டது நடக்கும் என்பார்கள். எனக்கு அது தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

மனுஷன் என் கையைத் தொடவில்லை. இரண்டு கைகளையும் மேலே தூக்கி ஓரடி பின்னால் போய்விட்டார். பக்கத்து இருக்கைப் பெண்மணி மேசையை மூன்று முறை தட்டி "தோய், தோய், தோய்" என்றார், திருஷ்டி கழிக்க. இயந்திரவியலில் முனைவர் பட்டம் வாங்கியவர்கள் இரண்டு பேர். நான் மெதுவாக, "ஏன், டூஃப் சோதனைதான் முடிந்துவிட்டதே?" என்று கேட்டேன். ஒரு நிமிஷம் முறைத்தார், அப்புறம் புரிந்து வாய்விட்டுச் சிரித்தார். இன்றைக்கும் நல்ல நண்பர்தான். "இது பழிவாங்கல்" என்று யாராவது கருத்து எழுதுவீர்கள். ஆமாம், சின்னதாக.

அதன் பிறகு கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது. லுஃப்தான்சா விமானத்தில் 13-ஆம் வரிசை கிடையாது. 17-ம் கிடையாது, இத்தாலிக்காரர்களுக்கு அது ஆகாத எண் என்பதால். பீர் குவளையை மோதும்போது எதிரிலிருப்பவர் கண்ணைப் பார்க்காவிட்டால் ஏழு வருஷம் கட்டில் சுகம் கெடும் என்பார்கள். சிரித்துக்கொண்டுதான் சொல்வார்கள், ஆனால் பார்க்காமல் குடிக்கிறவரை நான் கண்டதில்லை. புகைபோக்கி சுத்தம் செய்கிறவர் கறுப்புச் சீருடையில் எதிரே வந்தால் அதிர்ஷ்டம், அவர் சட்டைப் பொத்தானைத் தொட்டால் இன்னும் விசேஷம். ஜனவரி 6-ஐ ஒட்டி சிறுவர்கள் மூன்று ராஜாக்கள் வேஷத்தில் வீடு வீடாக வந்து, மந்திரித்த சாக்பீஸால் நிலைக்கு மேலே அந்த வருஷத்தையும் மூன்று எழுத்துகளையும் எழுதிவிட்டுப் போவார்கள். அடுத்த ஜனவரி வரை யாரும் அழிப்பதில்லை.

எங்கள் மேல்மாடிப் பாட்டி ஒருபடி மேல். கிறிஸ்துமஸுக்கும் ஜனவரி 6-க்கும் இடைப்பட்ட இரவுகளில் ஆவிகள் கூட்டமாக வானில் அலையும், கொடியில் துணி கிடந்தால் அதில் சிக்கிக்கொள்ளும், வீட்டுக்கு ஆகாது என்று அந்த நாட்களில் துவைக்கவே மாட்டார். என் மனைவி துணி கூடையோடு போனபோது கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார். அம்மாவுக்கு ஜெர்மன் தெரியாது, பாட்டிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் விஷயத்தைச் சொன்னதும் அம்மா உடனே பாட்டி கட்சி.

அம்மாவை மடக்கியது வேறொன்று. ஊரிலிருந்து கொண்டுவந்த தினசரி காலண்டரைச் சமையலறையில் மாட்டி, ராகு காலம் பார்த்துத்தான் வெளியே கிளம்புவார். ஞாயிறு 4.30 முதல் 6 வரை. டிசம்பர் கடைசியில் முனிச்சில் 4.20 வாக்கில் சூரியனே மறைந்துவிடும். பகல் பொழுதை எட்டாகப் பிரித்து அதில் ஒரு பங்குதான் ராகு காலம் என்பதால், காலண்டரில் போட்டிருக்கும் நேரம் ஆறுக்கு ஆறு பகல் இருக்கும் ஊருக்குத்தான் சரி. இங்கே குளிர்காலத்தில் அது ஒரு மணி நேரத்துக்குச் சுருங்கும், ஜூனில் பதினாறு மணி நேரப் பகலுக்கு இரண்டு மணி நேரமாக நீளும். இதைக் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். அம்மா நிதானமாகக் கேட்டுவிட்டு, "அப்ப ரெண்டு நேரத்தையும் தவிர்த்துடலாம்" என்றார். அன்றிலிருந்து வீட்டில் இரட்டை ராகு காலம்.

ஆகவே, பார்ப்பார்களா என்றால் பார்ப்பார்கள். உங்களைக் கிண்டல் செய்தவரிடம் தைரியமாகச் சொல்லுங்கள். ஆனால் இதைப் பிடித்துக்கொண்டு "பார்த்தாயா, அவர்களே செய்கிறார்கள், நம் முன்னோர் முட்டாள்கள் இல்லை" என்று வாட்ஸ்அப் குழுவில் போடுகிறவர்களோடு என்னைச் சேர்க்காதீர்கள். நான் இந்த வரியை எழுதுவதற்குள் ஒருவர் அப்படித்தான் கிளம்புவார்.

ஏனென்றால் மேலே சொன்ன எதிலும் யாருக்கும் நஷ்டமில்லை. 13-ஆம் வரிசை இல்லாததால் யார் மனமும் நோவதில்லை. ஜெர்மனி எப்போதும் இப்படி இருந்ததில்லை, இதே பவேரியாவில் 1620-களில் பாம்பெர்கிலும் வூர்ட்ஸ்புர்கிலும் சூனியக்காரிகள் என்று சொல்லி நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்றிருக்கிறார்கள். அதை இன்றைக்கு யாரும் பண்பாடு என்று தூக்கிப்பிடிப்பதில்லை.

நம்மிடம் மனுஷனையே சகுனமாக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. என்னைப் பள்ளிக்கூடக் காலம் முழுக்க வைத்து வளர்த்தது பெரியம்மா. சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர். என் கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி மண்டபத்துச் சமையல்கட்டில் உட்கார்ந்து தாம்பூலப் பைகளில் தேங்காய், வெற்றிலை பாக்கு போட்டுக் கட்டியது அவர்தான். விடிந்து தாலி கட்டும்போது தேடினால் மேடையில் இல்லை, முன்வரிசையிலும் இல்லை. கடைசியில் தூணுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஆள் அனுப்பினேன், அப்புறம் நானே மாலையோடு எழுந்து போனேன். "நல்ல காரியத்துல நான் எதுக்குப்பா முன்னால, போ, நேரமாகுது" என்றார். யாரும் அவரை வரக்கூடாது என்று சொல்லவில்லையாம். சொந்தக்காரர்கள் இன்றுவரை அதையே சொல்கிறார்கள். சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருக்கிறது, அதுதானே விஷயம்.

கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பீர்கள், தெரியும். "ஜெர்மனியில் உட்கார்ந்துகொண்டு ஊருக்கு உபதேசமா" என்றும் வரும். வரட்டும். பெரியம்மா தூணுக்குப் பின்னால் உட்கார்ந்ததற்கு என்ன அறிவியல் காரணம் என்று எழுதிவிட்டு மற்றதைப் பேசுங்கள்.