இரண்டாவது கணவாயில் கால் ஓய்ந்தது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 41, எடை 70 கிலோ. சைக்கிளில் நெடுந்தூரம் போவது ஆறு வருடப் பழக்கம், சைக்கிளும் பைகளும் சேர்ந்து 30 கிலோ இருக்கும். போன மாதம் மலைப்பாதையில் ஒரே நாளில் இரண்டு கணவாய்கள், 94 கிலோமீட்டர், மொத்த ஏற்றம் 2,100 மீட்டர். காலையில் சாப்பிட்டதோடு சரி, முதல் கணவாய் சுலபமாகப் போனதால் நிற்கத் தோன்றவில்லை. இரண்டாவதில், உச்சிக்கு நான்கு கிலோமீட்டர் இருக்கும்போது காலில் பலமே இல்லாமல் போய்விட்டது. கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, காரணமே இல்லாமல் அழுகை வேறு. சாலையோரம் உட்கார்ந்து பையில் இருந்த பிஸ்கட்டும் இனிப்பு பானமும் சாப்பிட்டேன், அரை மணி நேரத்தில் தேறி உச்சியைத் தொட்டேன். இறக்கத்தில் உடம்பு உதறி, பிரேக் பிடிக்க விரல் வரவில்லை. முழங்கால் வலிக்கு அன்று மூன்று இபுபுரூஃபன் போட்டிருந்தேன். இரவு சிறுநீர் அடர் மஞ்சளாகப் போய், மறுநாள் மதியம் தெளிந்தது. சுண்டு விரலும் மோதிர விரலும் இன்னும் லேசாக மரத்தே இருக்கின்றன. அப்பாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. எனக்கும் அதுதானா, இல்லை இதயக் கோளாறா? அடுத்த மாதப் பயணத்தை விட்டுவிட வேண்டுமா?

பதில்: விட வேண்டாம், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு நடந்தது எரிபொருள் தீர்ந்துபோனது, அவ்வளவுதான். ஆனால் நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்ட இரண்டு விஷயங்கள், அந்த இறக்கமும் அந்த மூன்று மாத்திரைகளும், எனக்கு அதைவிடக் கவலை தருகின்றன.

எரிபொருள் கணக்கைப் பார்ப்போம். நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 100 கிலோ, அதை 2,100 மீட்டர் உயரத்துக்குத் தூக்கியிருக்கிறீர்கள். அந்த வேலை மட்டும் சுமார் 490 கிலோகலோரி. தசை தனக்குக் கிடைப்பதில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றும், மீதி சூடாகப் போய்விடும். ஆக ஏற்றத்துக்கு மட்டும் 2,000 கிலோகலோரி, இதில் காற்றை எதிர்த்து மிதித்ததும் சமவெளித் தூரமும் சேரவில்லை. உங்கள் தசையும் கல்லீரலும் சேர்ந்து சேமித்து வைக்கிற கிளைகோஜன், அதாவது மாவுச்சத்து இருப்பு, 400 முதல் 500 கிராம்தான், அது 2,000 கிலோகலோரியைத் தாண்டுவது அபூர்வம். கொழுப்பு எவ்வளவோ இருக்கிறதே என்பீர்கள், இருக்கிறது, ஆனால் அது மெதுவாகத்தான் எரியும். சமவெளியில் நிதானமாகப் போகும்போது அது நிறையக் கைகொடுக்கும், பாரத்தோடு செங்குத்தான ஏற்றத்தில் மூச்சு வாங்க மிதிக்கும்போது அதன் வேகம் போதாது.

அழுகைக்கு வருகிறேன், ஏனென்றால் பலர் அதைச் சொல்லவே கூச்சப்படுகிறார்கள், நீங்கள் மறைக்காமல் எழுதியது நல்லது. மூளை பெரும்பாலும் குளுக்கோஸை நம்பித்தான் இருக்கிறது, மணிக்கு ஐந்து கிராம் அளவுக்கு எடுத்துக்கொள்ளும். அதைக் கொடுப்பது கல்லீரலில் உள்ள சுமார் 100 கிராம் இருப்பு. காலும் அதே ரத்தத்திலிருந்துதான் இழுக்கிறது. ரத்தச் சர்க்கரை இறங்கும்போது உடம்பு அட்ரினலினைக் கொட்டும், நடுக்கமும் குளிர்ந்த வியர்வையும் அதனால்தான். மனம் உடைவதும் இதோடு சேர்ந்து வருகிற அறிகுறி, உங்கள் மன உறுதி குறைந்துவிட்டதாக நினைக்காதீர்கள். இனிப்பு உள்ளே போய் அரை மணியில் நீங்கள் மறுபடி ஏறினீர்கள் என்பதே காரணத்தைச் சொல்லிவிடுகிறது, அடைபட்ட இதயக் குழாய் பிஸ்கட்டால் திறக்காது.

சர்க்கரை நோய் விஷயம்: அதற்கு மருந்து எதுவும் எடுக்காத ஒருவருக்கு ஏற்றத்தில் இப்படி ஆனால் அதைச் சர்க்கரை நோயின் அடையாளமாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனாலும் நாற்பது தாண்டிவிட்டது, அப்பாவுக்கு இருக்கிறது, அதனால் வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி சொல்லும் எச்பிஏ1சி, ரத்த அழுத்தம், கொழுப்பு, ஒரு ஈசிஜி இவற்றைப் பயணத்துக்கு முன் பார்த்துவிடுங்கள். ஏறும்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, மயக்கம், தாறுமாறான படபடப்பு இதில் ஏதாவது ஒன்று வந்திருந்தால் கதை வேறு, இதய மருத்துவர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை சைக்கிளைத் தொடாதீர்கள்.

சாப்பாட்டுக்கு ஒரே விதிதான்: பசிக்குமுன் சாப்பிடுங்கள். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து, நடுத்தர அளவு வாழைப்பழம் இரண்டு என்றால் 50 கிராம் வந்துவிடும். முதல் முக்கால் மணியிலேயே ஆரம்பித்துவிட வேண்டும், முதல் கணவாய் எவ்வளவு சுலபமாகப் போனாலும் சரி. ஏற்றத்தின் நடுவில் ரத்தமெல்லாம் காலுக்குப் போய்விடும், வயிறு ஏற்காது, அதனால் அடிவாரத்திலேயே நின்று சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள். தண்ணீரைத் தாகத்துக்குக் குடியுங்கள். பயந்துபோய் வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராக ஊற்றிக்கொண்டால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம் வரும், அதுவும் ஆபத்துதான். வியர்வை அதிகமான நாளில் ஒரு பாட்டிலில் ஓஆர்எஸ் வைத்துக்கொள்வது நல்லது.

இப்போது இறக்கம். உச்சியைத் தொட்டபோது உங்கள் பனியன் நனைந்திருந்தது, எரிபொருள் தீர்ந்திருந்தது, மிதிப்பதும் நின்றுவிட்டது, அதாவது உடம்பின் அடுப்பு அணைந்த நேரத்தில் மணிக்கு 40, 50 கிலோமீட்டர் காற்றுக்குள் இறங்கினீர்கள். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டைக் கடத்தும், அதனால் ஈரத்துணி உங்களுக்குப் போர்வையாக இருக்காது, சூட்டை வெளியே உறிஞ்சும். நடுக்கம் என்பது தசை சூடு உண்டாக்கும் முயற்சி, அதற்கும் அதே கிளைகோஜன்தான் வேண்டும். விரல் பிரேக்கை இழுக்காமல் போனது அந்த நாளிலேயே உயிருக்கு மிக ஆபத்தான நிமிடம், அடுத்த வளைவில் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்கு மனம் பதறுகிறது. இனி உச்சியில் போட்டோ எடுப்பதற்கு முன் ஈர பனியனைக் கழற்றி உலர்ந்ததைப் போடுங்கள், மேலே காற்று புகாத ஜாக்கெட், விரல் முழுக்க மூடும் கையுறை. கையுறையும் ஜாக்கெட்டும் பையின் அடியில் இருந்தால் இல்லாத மாதிரிதான், மேலேயே வையுங்கள். விரல் மரத்தால் உடனே நின்று, கையை அக்குளில் வைத்துச் சூடேற்றி, அப்புறம் இறங்குங்கள். உதறல் நிற்காவிட்டால் அங்கேயே ஏதாவது வண்டியை நிறுத்தி உதவி கேளுங்கள். குளிர் குறையாமல் உதறல் மட்டும் நின்றுபோய், பேச்சு குழறினால் அது குணமாகிறது என்று நினைத்துவிடாதீர்கள், உடல் வெப்பம் அபாயமாக இறங்குகிறது.

மாத்திரைகள். உடம்பில் நீர் வற்றும்போது சிறுநீரகத்துக்கு ரத்தம் போக உதவும் சில சுரப்புகள் இருக்கின்றன, இபுபுரூஃபனும் அதே வகை வலி மாத்திரையான டைக்ளோஃபினாக்கும் அவற்றைத்தான் தடுக்கின்றன. நாள் முழுக்க வியர்த்த உடம்புக்கு அவற்றைக் கொடுக்காதீர்கள். கட்டாயம் வேண்டுமென்றால், கல்லீரல் கோளாறு இல்லாதவர் பாராசிட்டமால் எடுக்கலாம், 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றோ இரண்டோ, அதற்கு மேல் ஒரே வேளையில் வேண்டாம். உங்கள் சிறுநீர் மறுநாள் தெளிந்தது நிம்மதி. கோலா நிறத்தில் போயிருந்து, தொடையும் வீங்கிக் கடுமையாக வலித்திருந்தால், தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்று சந்தேகித்து அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்திருக்கும். இருந்தாலும், ரத்தப் பரிசோதனையோடு, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மரத்த விரல்கள் அல்னர் நரம்பின் வேலை. உள்ளங்கையின் அடியில், சுண்டு விரல் பக்கம், மணிக்கட்டுக்குக் கிட்டே அது மேலோட்டமாக ஓடுகிறது, ஹேண்டிலில் மணிக்கணக்காகச் சாய்ந்தால் அங்கேதான் நசுங்கும். ஒரு தாளை எடுத்து மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில் வைத்து இறுக்கிப் பிடியுங்கள், இன்னொருவரை இழுக்கச் சொல்லுங்கள். மறு கையோடு ஒப்பிடும்போது தாள் சட்டென்று உருவி வந்தால் பலமும் குறைந்திருக்கிறது, இந்த வாரமே நரம்பு மருத்துவரைப் பாருங்கள். மரமரப்பு மட்டும் என்றால் பெரும்பாலும் சில வாரங்களில் தானாகப் போகும், இடையில் கையில் பாரம் கொடுக்காதீர்கள். ஹேண்டிலைக் கொஞ்சம் உயர்த்துங்கள், சாலையில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பிடியை மாற்றுங்கள்.

முழங்காலின் முன்பக்க வலிக்குப் பெரும்பாலும் சீட் தாழ்வாக இருப்பதும் கனமான கியரில் மெதுவாக அழுத்தி மிதிப்பதும்தான் காரணம். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் 25 முதல் 35 டிகிரி மட்டும் மடங்கியிருக்கட்டும், ஏற்றம் தொடங்குமுன்னே லேசான கியருக்குப் போய்விடுங்கள். பரிசோதனை முடிவுகள் சரியாக இருந்து, தாள் இரண்டு கையிலும் ஒரே மாதிரி நின்றால், அடுத்த மாதம் கிளம்புங்கள், ஆனால் முதல் மூன்று நாளுக்கு ஒரு நாளில் ஒரே கணவாய்.