லண்டன் விலையும் வண்ணாரப்பேட்டைப் பவுனும்: வாசகர் கேள்வி – பதில்

பிரிட்டன் இங்கிருந்து போய் முக்கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. உலக நடப்பில் அதன் பிடி இன்னும் எங்கே இருக்கிறது என்று வட சென்னை வாசகர்கள் கேட்டவற்றில் நான்கு கேள்விகள் இம்முறை.

கேள்வி: தங்கம் விலை என்றாலே லண்டன், அவுன்ஸ் என்கிறார்கள். சவுகார்பேட்டையில் நாங்கள் வாங்கும் பவுனுக்கும் லண்டனுக்கும் என்ன சம்பந்தம்? வீட்டிலேயே கணக்குப் போட்டுப் பார்க்க முடியுமா?
– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: சம்பந்தம் பெயரிலேயே இருக்கிறது. 'சாவரின்' என்ற பிரிட்டிஷ் தங்கக் காசுதான் நம் வாயில் சவரன் ஆனது. அந்தக் காசின் மதிப்பு ஒரு பவுண்டு, அதனால் பவுன். காசின் எடை 7.988 கிராம், தரம் 22 காரட். நாம் அதை 8 கிராம் என்று முழுதாக்கிக்கொண்டோம். பாட்டி காலத்து ராஜா தலைக் காசு வைத்திருப்பவர்கள் விற்கும்போது தராசில் வைத்தே விலை பேசுங்கள். தேய்ந்த காசு இன்னும் குறைவாக நிற்கும். 1918இல் பம்பாயிலும் இந்தக் காசை அடித்தார்கள்.

லண்டனில் 1919இல் ஐந்து நிறுவனங்கள் கூடி விலை குறிக்கத் தொடங்கின. இன்று அது மின்னணு ஏலம். லண்டன் நேரப்படி காலை 10.30க்கும் மாலை 3க்கும் நடக்கிறது. நமக்கு அது கோடையில் மாலை 3 மணி, இரவு 7.30, குளிர்காலத்தில் மாலை 4 மணி, இரவு 8.30. நியூயார்க், ஷாங்காய் சந்தைகளும் விலையை அசைக்கின்றன. ஆனாலும் சுரங்கக்காரர்களும் வங்கிகளும் ஒப்பந்தத்தில் எழுதுவது பெரும்பாலும் லண்டன் விலையைத்தான்.

இனி கணக்கு. அவுன்ஸ் 3,110 டாலர், டாலர் 85 ரூபாய் என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 3,110ஐ 31.1035ஆல் (தங்கத்துக்கான டிராய் அவுன்ஸின் கிராம் எடை) வகுத்தால் சுத்தத் தங்கம் கிராமுக்கு ஏறத்தாழ 100 டாலர், அதாவது 8,500 ரூபாய். இதோடு இறக்குமதி வரியைக் கூட்ட வேண்டும். 2024 ஜூலையில் அதை 15 சதவீதத்திலிருந்து 6 ஆகக் குறைத்தார்கள். நீங்கள் கணக்குப் போடும் நாளில் எது நடப்போ அதைப் போடுங்கள். 6 என்றால் 9,010 ரூபாய். அதை 0.916ஆல் பெருக்கினால் 22 காரட் கிராம் 8,253. எட்டால் பெருக்கினால் சவரன் சுமார் 66,000. செய்கூலி, சேதாரம், ஜி.எஸ்.டி. எல்லாம் இதற்கு மேல்.

பலர் தவறுவது ஓரிடத்தில்தான். சாதாரண அவுன்ஸ் 28.35 கிராம், தங்கத்துக்கு டிராய் அவுன்ஸ். 28.35ஆல் வகுத்தால் இதே கணக்கில் சவரனுக்கு 6,400 ரூபாய் கூடுதலாக வரும், கடைக்காரர் மலிவாகக் கொடுப்பதுபோலத் தோன்றும்.

கேள்வி: மகன் கப்பல் வேலைக்குப் போகிறான். கொடி பனாமா, முதலாளி கிரீஸ்காரர். ஆனால் சரக்கு ஒப்பந்தத்தில் இங்கிலாந்துச் சட்டம், லண்டன் நடுவர் என்று இருக்கிறதாம். ஏன்? அவன் சம்பளத்துக்கு என்ன பாதுகாப்பு?
– வாசகர், எர்ணாவூர்

பதில்: கடல் காப்பீடு லண்டனில் வளர்ந்த தொழில். 1906இல் பிரிட்டன் கொண்டுவந்த கடல்சார் காப்பீட்டுச் சட்டத்தை ஒட்டியே நம் 1963ஆம் ஆண்டுச் சட்டமும் எழுதப்பட்டது. தீர்ப்புகள் அங்கே மலைபோலக் குவிந்திருப்பதால், தகராறு வந்தால் முடிவு எப்படி இருக்கும் என்று இரு தரப்பாலும் முன்கூட்டியே கணிக்க முடிகிறது. எண்ணெய்க் கசிவு, ஊழியர் இழப்பீடு போன்ற பொறுப்புகளை ஏற்கும் 12 காப்பீட்டுச் சங்கங்கள் உலகக் கடல் கப்பல்களின் மொத்தக் கொள்ளளவில் சுமார் 90 சதவீதத்தைத் தாங்குகின்றன. அவற்றின் கூட்டமைப்பு இருப்பதும் லண்டனில். 2022 டிசம்பரில் ரஷ்ய எண்ணெய்க்கு 60 டாலர் உச்சவரம்பு விதித்த நாடுகள் பிடித்ததும் இந்தக் கயிற்றைத்தான்: அதற்கு மேல் விலை கொடுத்த சரக்கைச் சுமந்தால் காப்பீடு கிடையாது.

2017 ஜனவரி 28 அன்று உங்கள் எண்ணூர்க் கடலில் மோதிய இரண்டு கப்பல்களில் ஒன்றில் மேன் தீவின் கொடி பறந்தது. அது பிரிட்டிஷ் மகுடத்தின் கீழ் உள்ள தீவு. கசிந்த எண்ணெயை வாளியால் அள்ளியவர்கள் உங்கள் ஊர்க்காரர்கள்.

மகன் விஷயம். சரக்கு ஒப்பந்தம் வேறு, அவனுடைய பணி ஒப்பந்தம் வேறு. பின்னதன் கையெழுத்திட்ட நகல் வீட்டில் இருக்க வேண்டும். அதில் கப்பலின் ஏழு இலக்க ஐ.எம்.ஓ. எண் (கப்பலின் நிரந்தர அடையாள எண்) இருக்கிறதா பாருங்கள். ஆள் அனுப்பும் முகவரின் உரிமத்தைக் கப்பல்துறை இயக்குநரகத்தின் இணையதளத்தில் சரிபாருங்கள். சுற்றுலா விசாவில் ஏறச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

முதலாளி ஊழியர்களைக் கைவிட்டால் உதவும் காப்பீட்டின் சான்றிதழைக் கப்பலில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டியிருப்பார்கள். ஏறிய அன்றே படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். காலாவதித் தேதியைக் கவனியுங்கள். இரண்டு மாதச் சம்பளம் நின்றுபோனால் அது கைவிடப்பட்டதற்குச் சமம். காப்பீடு தருவது அதிகபட்சம் நான்கு மாதப் பாக்கியும் ஊர் திரும்பும் செலவும். 'அடுத்த மாதம் வந்துவிடும்' என்று ஆறு மாதம் பொறுப்பவர்கள் இரண்டு மாதச் சம்பளத்தை இந்த வழியில் பெற முடியாது.

கேள்வி: பாதுகாப்பு சபையில் பிரிட்டனின் நிரந்தர இடத்தை எடுக்க முடியாதா?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: ஐ.நா. சாசனத்தின் 108ஆம் பிரிவின்படி, சாசனத்தைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு நாடுகளோடு ஐந்து நிரந்தர உறுப்பினர்களும் ஒப்ப வேண்டும். அதாவது பிரிட்டனின் இடத்தை எடுக்க பிரிட்டனே சம்மதிக்க வேண்டும். 1989க்குப் பிறகு பிரிட்டன் வீட்டோவை (தீர்மானத்தைத் தடுக்கும் அதிகாரத்தை) பயன்படுத்தவில்லை. தீர்மானங்களின் வரைவை எழுதும் வேலை பலமுறை அதன் கையில் இருப்பதால், தடுக்க வேண்டிய வார்த்தை வரைவிலேயே இடம்பெறாமல் போய்விடுகிறது.

கேள்வி: டியாகோ கார்சியா பக்கம் போன தமிழ்நாட்டுப் படகுகள் பிடிபடுகின்றன. இந்தியப் பெருங்கடலில் பிரிட்டனுக்கு என்ன உரிமை?
– வாசகர், காசிமேடு

பதில்: மொரிசியசுக்கு விடுதலை தருவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1965இல், சாகோஸ் தீவுகளை (டியாகோ கார்சியா இவற்றில் பெரியது) 30 லட்சம் பவுண்டு கொடுத்துத் தனியாகப் பிரித்துக்கொண்டது பிரிட்டன். அமெரிக்க ராணுவத் தளத்துக்காக 1973க்குள் அங்கிருந்த மக்கள் அத்தனை பேரையும் வெளியேற்றினார்கள். இது அநியாயம். அந்தப் பிரிவினை சட்டப்படி செல்லாது என்று 2019இல் சர்வதேச நீதிமன்றம் கருத்துரைத்தது, ஐ.நா. பொதுச்சபையில் 116 நாடுகள் பிரிட்டன் வெளியேற வேண்டும் என்றன, 6 நாடுகள் எதிர்த்தன. 2025 மே 22 அன்று தீவுகளை மொரிசியசுக்குத் தரும் ஒப்பந்தம் கையெழுத்தானது. டியாகோ கார்சியா மட்டும் 99 ஆண்டுக் குத்தகை, ஆண்டுக்குச் சராசரியாக 10.1 கோடி பவுண்டு.

2021 அக்டோபரில் படகு பழுதாகி அங்கே ஒதுங்கிய ஈழத்தமிழர்கள் மூன்று ஆண்டுக்கு மேல் கூடாரங்களில் கிடந்தார்கள். அது சட்டவிரோதக் காவல் என்று 2024 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. அதே மாதம் பெரும்பாலோரை பிரிட்டனுக்கு அழைத்துப் போனார்கள்.

படகுக்காரர்களுக்கு: 2010இல் தீவுகளைச் சுற்றி 200 கடல் மைல், சுமார் 370 கிலோமீட்டர் வரை, வணிக மீன்பிடிப்பைத் தடை செய்தார்கள். ஜி.பி.எஸ். கருவியில் அந்தக் கோட்டுக்கு 15 கடல் மைல் முன்னாலேயே எச்சரிக்கை மணி வையுங்கள். தூண்டில் கயிறு ஓடும் நேரத்தில் நீரோட்டம் படகைத் தள்ளுவது கண்ணுக்குத் தெரியாது. ஒப்பந்தம் கையெழுத்தான செய்தியை மட்டும் நம்பி அந்தப் பக்கம் தூண்டில் போடாதீர்கள்.