எனக்கு வெப்சைட் திறக்கிறது, மற்றவர்களுக்குத் திறக்கவில்லை. ‘48 மணி நேரம் காத்திருங்கள்’ என்கிறார்கள். என்ன செய்வது?

காரணம் தெரியாமல் காத்திருக்காதீர்கள். இந்த 48 மணி நேர வசனத்தைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

டொமைன் புதிதாக வாங்கியிருக்கிறீர்கள், ஏதோ ஒரு ஹோஸ்டிங்கில் இணைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அந்த 48 மணி நேரம் வானத்திலிருந்து குதித்ததல்ல. ஒரு டாட் காம் பெயருக்கு எந்த நேம்சர்வர் (அந்தப் பெயருக்கான முகவரிகளைச் சொல்லும் சர்வர்) பொறுப்பு என்ற தகவலை மற்ற சர்வர்கள் 1,72,800 விநாடி வரை நினைவில் வைத்துக்கொள்ளலாம். கணக்குப் போட்டால் சரியாக 48 மணி. நேம்சர்வரையே மாற்றியிருந்தால் அந்தப் பேச்சில் நியாயம் உண்டு. வெறும் ஏ ரெக்கார்டை, அதாவது சைட் இருக்கும் சர்வரின் முகவரியைச் சொல்லும் வரியை, மாற்றியவருக்கு அது பொருந்தாது. அதில் டிடிஎல் (எத்தனை விநாடி நினைவில் வைக்கலாம் என்ற எண்) 3600 என்று இருந்தால் ஒரு மணி நேரம், அவ்வளவுதான். ஆனால் சப்போர்ட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். 48 மணி நேரத்தில் அவருடைய ஷிப்ட் முடிந்துவிடும்.

நாச்சியார்கோவிலில் குத்துவிளக்குப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், ஹோஸ்டிங் மாற்றிய பிறகு என்னைக் கூப்பிட்டார். கார்த்திகைக்கு ஆர்டர் வரும் சமயம்.

“தம்பி, கடை கம்ப்யூட்டர்ல நல்லா வருது. சென்னையிலேர்ந்து மாப்பிள்ளை போன் பண்ணி, ‘அக்கவுண்ட் சஸ்பெண்டட்னு போட்டிருக்கே மாமா, பணம் எதுவும் கட்டாம விட்டுட்டீங்களா’ன்னு கேக்கறார். மானம் போகுது.”

புது ஹோஸ்டிங் கம்பெனியில் கேட்டால் அதே பாட்டு, 48 மணி நேரம். அந்த 48 மணி முடிந்து எத்தனையோ 48 மணி ஓடிவிட்டது. எனக்கும் கடையில் உட்கார்ந்து பார்த்தபோது சைட் ஜோராகத்தான் வந்தது. “ஐயா, உங்க போன்ல வைஃபையை அணைச்சுட்டு, சிம் நெட்டுல பாருங்க” என்றேன். பார்த்தார். “அட, என் போன்லயே சஸ்பெண்டட்னு வருதேப்பா!”

அப்போதே பாதி விளங்கிவிட்டது. டொமைனின் முகவரியைக் கேட்டுச் சொல்லும் என்எஸ்லுக்அப் கட்டளையைப் போட்டுப் பார்த்தேன். டொமைனில் இரண்டு முகவரி இருந்தது. ஏ ரெக்கார்டு ஐபிவி4 என்ற பழைய வகை முகவரியைச் சொல்வது. அதைப் புது கம்பெனி ஆள் சரியாக மாற்றியிருந்தார். குவாட் ஏ என்று ஒன்று உண்டு, ஐபிவி6 என்ற புது வகை முகவரிக்கானது. அதைப் பழைய ஹோஸ்டிங்காரர்கள் எப்போதோ போட்டு வைத்திருந்தார்கள், யாரும் தொடவில்லை. வீடு மாறியவர் ரேஷன் கார்டை மாற்றிவிட்டு கேஸ் புக்கை மறந்த கதை. கடை பிராட்பேண்டில் ஐபிவி4 மட்டும்தான், அதனால் புது சர்வருக்குப் போனது. செல்போன் இணைப்புகளில் ஐபிவி6 இந்தியாவில் மிகப் பரவலானது. ஜியோ 2016-இல் தொடங்கும்போதே அதோடுதான் வந்தது. விளக்கு வாங்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் போனில்தான் பார்ப்பார்கள். எல்லோரும் நேராகப் பழைய சர்வருக்கு!

‘ஐபிவி6 வேலை செய்யாவிட்டால் பிரவுசர் தானாகவே ஐபிவி4-க்கு மாறிக்கொள்ளுமே’ என்று நெட்வொர்க் தெரிந்தவர்கள் கிளம்பி வருவீர்கள், தெரியும். மாறும், அந்தப் பக்கம் பதில் வராவிட்டால். பழைய சர்வர் செத்திருந்தால் இவருக்குப் பிரச்சினையே வந்திருக்காது. அது உயிரோடு இருந்து ‘சஸ்பெண்டட்’ என்று பதில் சொன்னது. பிரவுசரைப் பொறுத்தவரை அதுவும் ஒரு பக்கம்தான். இது உண்மையான சைட்தான் என்று பிரவுசருக்குக் காட்டும் சர்டிபிகேட், காசு கொடுத்து வாங்கியது, இரண்டு சர்வரிலும் இருந்ததால் எச்சரிக்கைகூட வரவில்லை.

அந்தக் குவாட் ஏ வரி ஒன்றை அழித்தேன். அதன் டிடிஎல் தீர்ந்ததும் சரியாகிவிட்டது. பட்டறைக்காரர் சொன்னது: “ஒரு வரியை அழிச்சதுக்கா தம்பி இவ்வளவு கேக்கறீங்க?” கடைசியில் கொடுத்தார், நல்ல மனிதர்தான், குறை சொல்லவில்லை. ஆனால் இந்த வேலைக்கு ஊரில் இருக்கும் மரியாதையைச் சொல்லவேண்டும். கும்பகோணத்தில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனேன். “எந்தக் கம்பெனி?” என்றார் வீட்டுக்காரர். “வீட்டிலிருந்தே வெப்சைட் வேலை பார்க்கிறேன், மாமா” என்றேன். “அப்ப இன்னும் வேலை கிடைக்கலைன்னு சொல்லுங்க.” வருமான வரி கட்டிய ரசீதை நீட்டினாலும் சம்பளச் சீட்டு கேட்கிறார்கள். பைக் கடனுக்குப் போனாலும் இதே கதை. சரி, இதைக் கொட்ட இது இடமில்லை. உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

உங்களுக்குத் திறக்கிறது என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். சைட் கட்டும்போது சோதனைக்காக உங்கள் கம்ப்யூட்டரின் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் (எந்தப் பெயருக்கு எந்த முகவரி என்று நாமே எழுதிவைக்கும் ஃபைல்) முகவரியை எழுதியிருந்தால், உலகத்துக்கே திறக்காவிட்டாலும் உங்களுக்குத் திறக்கும். முதலில் அதைப் பாருங்கள். பிறகு சிம் நெட்டில், வேறு கம்பெனி சிம்மில் பாருங்கள். பெயரை முகவரியாக மாற்றித் தரும் பொது டிஎன்எஸ் சர்வர்களான 8.8.8.8 (கூகுள்), 1.1.1.1 (கிளவுட்ஃபிளேர்) இரண்டிடமும் என்எஸ்லுக்அப்பில் உங்கள் டொமைனைக் கேளுங்கள். ஏ, குவாட் ஏ இரண்டையும் தனித்தனியாகக் கேட்கவேண்டும். புது ஹோஸ்டிங் ஐபிவி6 முகவரி தரவில்லை என்றால் குவாட் ஏ இருக்கவே கூடாது. லெட்ஸ் என்கிரிப்ட் இலவச சர்டிபிகேட் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். சைட்டுக்கே வந்து சரிபார்க்கும் முறையில், குவாட் ஏ இருந்தால் அவர்களும் அந்த வழியைத்தான் முதலில் தட்டுவார்கள். தப்பான சர்வர் கதவைத் திறந்தால் சர்டிபிகேட் கிடைக்காது.

முன்னால் மூன்று டபிள்யூ போட்டும் போடாமலும் அடித்துப் பாருங்கள். டிஎன்எஸ் கணக்கில் அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள், ஒன்றுக்குப் போட்டால் மற்றதற்கு வந்துவிடாது.

புது டொமைன் என்பதால் இன்னொன்று. டாட் காம் மாதிரியானவற்றில் வாங்கியவரின் மெயில் முகவரியை 15 நாளுக்குள் உறுதி செய்யவேண்டும் என்பது டொமைன் பெயர்களை மேற்பார்வை செய்யும் ஐகான் அமைப்பின் விதி. லிங்கை அழுத்தாவிட்டால் டொமைனையே நிறுத்திவைப்பார்கள். அப்படி நிறுத்தியும், சிலருடைய நெட்டில் பழைய நினைவில் கொஞ்ச நேரம் திறந்துகொண்டிருக்கும். உங்கள் கதையும் அதுவாக இருக்கலாம். அந்த மெயில் பெரும்பாலும் ஸ்பாமில்தான் கிடக்கும், தேடிப் பாருங்கள்.